ஐந்து நாழிகைக் கோட்டை

ஒரு நாழிகை 24 நிமிடம், பத்து நாழிகை ஒரு சிறுபொழுது, அறுபது நாழிகை ஒரு நாள் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்வில் திருப்பித் தருகிறார்கள். ஆனால் ஐந்து நாழிகை எவ்வளவு நீளமானது என்பது எங்களுக்கே உடம்பில் உறைத்தது ஒரு ஜப்பானிய வீடியோ கேமின் முன்னால் உட்கார்ந்திருந்த சில இரவுகளில்தான். அந்த விளையாட்டுக்கு ஓரெழுத்துப் பெயர்: 'டி'. 1995 ஏப்ரல் முதல் தேதி ஜப்பானில் வெளிவந்தது. தொடங்கினால் இரண்டு மணி நேரம், அதாவது சரியாக ஐந்து நாழிகை. நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. விட்ட இடத்தைப் பதிந்து வைத்து மறுநாள் தொடரவும் வழியில்லை. அந்த ஐந்து நாழிகைக்குள் முடிவை எட்டியாக வேண்டும். எட்டாவிட்டால் மறுபடியும் முதலடியிலிருந்து.

இலக்கியம் பேசுகிற இடத்தில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பத்திகள் பொறுத்தருள வேண்டும். நாங்கள் என்று இங்கே சொல்வது ஓர் அக்காளையும் தம்பியையும். மூத்தவள் தமிழில் முதுகலை முடித்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். இளையவன் யோக்கோஹாமாவில் சில ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்தவன். எழுதுகிற கை மூத்தவளுடையது. வரிக்கு வரி படித்து, ஆண்டுகளையும் பெயர்களையும் திருத்தித் தந்தவன் இளையவன். ஆகவே பன்மையில் எழுதுகிறோம். பன்மைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் கருவியைப் பற்றி. 'டி' முதன்முதலாக வந்தது 3டிஓ என்ற கன்சோலில். பெயரைக் கேட்டதும் தலையசைக்கிறவர்கள் இன்று மிகக் குறைவு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 1982இல் தொடங்கிய டிரிப் ஹாக்கின்ஸ், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேறொரு கனவு கண்டார். கன்சோலைத் தாமே தயாரித்து விற்காமல், அதன் வரைவை மட்டும் வகுத்துக் கொடுத்து, உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் தயாரித்துக்கொள்ளலாம் என்பது அவர் ஏற்பாடு. பானசோனிக் தயாரித்தது, பிறகு கோல்ட்ஸ்டாரும் சான்யோவும் தயாரித்தன. ஏட்டில் படிக்க அழகான ஏற்பாடு. நடப்பில் ஓர் ஓட்டை இருந்தது. மற்ற நிறுவனங்கள் கருவியைக் கையைக் கடித்துக்கொண்டு மலிவாக விற்று, பிறகு விளையாட்டுகளின் விற்பனையில் ஈடுகட்டின. 3டிஓவில் விளையாட்டின் உரிமத் தொகை ஹாக்கின்ஸின் நிறுவனத்துக்குப் போய்விடும். பெட்டியைச் செய்கிறவர் பெட்டியிலேயே லாபம் பார்த்தாக வேண்டும். விளைவு, 1993 அக்டோபரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அதன் விலை 699 டாலர். இரண்டே ஆண்டில் சோனியின் பிளேஸ்டேஷன் 299 டாலருக்கு அங்கே வந்து நின்றது. மீதியை விளக்க வேண்டியதில்லை. 1996 முடிவதற்குள் 3டிஓவின் கதை முடிந்துபோயிற்று. 2003இல் அந்த நிறுவனமும் திவாலானது.

அந்தக் கருவியொன்றை இளையவன் அகிஹபாராவில் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கி, துணிகளுக்கு நடுவே சுற்றி ஊருக்கு எடுத்து வந்தான். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. நேரடியாகச் செருகினால் கருவி அன்றோடு காலி. ஆகையால் செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மரைத் தேடி வாங்கினோம். அது ஓயாமல் ரீங்கரிக்கும். கூடத்தில் அப்பாவின் பழைய பிக்சர் டியூப் டிவி இருந்தது. பக்கவாதம் வந்த பிறகு அவர் அதைப் பார்ப்பதை விட்டிருந்தார். கருவியை அதோடு இணைத்தோம்.

அதன் கன்ட்ரோலரில் இரண்டு விசித்திரங்கள். கருவியில் கன்ட்ரோலரைச் செருக ஒரே ஒரு துளைதான். இரண்டாமவர் ஆட வேண்டுமானால் தம்முடையதை முதலாமவரின் கன்ட்ரோலரில் செருகிக்கொள்ள வேண்டும், மூன்றாமவர் இரண்டாமவருடையதில், இப்படியே சங்கிலியாக. இன்னொன்று, கன்ட்ரோலரிலேயே ஹெட்போன் செருகும் துளையும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரமும் உண்டு. வீட்டில் உறங்குகிறவர்களை எழுப்பாமல் ஆடலாம் என்று எவரோ ஒரு பொறியாளர் பரிவோடு யோசித்திருக்கிறார். அந்தப் பரிவை இப்போது நினைக்கையில் எங்களுக்கு வேறு மாதிரி இருக்கிறது.

இனி விளையாட்டு. இதை உருவாக்கியவர் கென்ஜி ஈனோ. 1970இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமல் வெளியேறியவர், இசைக்கலைஞர், வார்ப் என்ற சிறு நிறுவனத்தின் தலைவர். 'டி' வெளிவந்தபோது அவருக்கு இருபத்தைந்து நிறையவில்லை. திகில் விளையாட்டுகள் அதற்கு முன்பும் இருந்தன. 1989இல் காப்காம் நிறுவனம், கியோஷி குரோசாவாவின் திரைப்படத்தை ஒட்டி 'ஸ்வீட் ஹோம்' கொண்டுவந்தது. 1992இல் பிரான்சிலிருந்து 'அலோன் இன் தி டார்க்' வந்தது. 3டிஓவிலேயே 1994இல் 'டாக்டர் ஹவுசர்' வந்துவிட்டது. 'சர்வைவல் ஹாரர்' என்று இன்று வழங்குகிற பெயர் ஊன்றியதோ 1996 மார்ச்சில் வெளியான 'ரெசிடென்ட் ஈவில்' வழியாகத்தான். அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு பின்னோக்கிப் பார்க்கிறவர்கள் 'டி'யை முன்னோடிகளின் வரிசையில் வைக்கிறார்கள். வைத்துவிட்டு உடனே ரெசிடென்ட் ஈவிலுக்குப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு இதில் வருத்தம் உண்டு. ரெசிடென்ட் ஈவிலில் ஒரு தட்டச்சுப் பொறி இருக்கும். மை நாடா கையில் இருந்தால் அதுவரை ஆடியதைப் பதிந்துகொள்ளலாம். மை நாடாக்கள் எண்ணிக்கையில் குறைவு; அந்தக் கஞ்சத்தனமே பயத்தைக் கூட்டுவதாக எல்லாரும் வியந்து எழுதினார்கள். 'டி'யில் அந்த நாடாவே கிடையாது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கதை எளிது. லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை ஒன்றின் தலைவர் ரிக்டர் ஹாரிஸ் திடீரென்று அங்கே பலரைக் கொன்றுவிட்டு உள்ளேயே அடைந்துகிடக்கிறார். செய்தியறிந்து அவர் மகள் லாரா ஓடி வருகிறாள். உள்ளே நுழைந்ததும் மருத்துவமனை மறைந்து ஒரு பழங்காலக் கோட்டையாகிறது. அப்பாவின் முகம் மட்டும் தோன்றி, இங்கே வராதே, திரும்பிப் போ, அதிக நேரம் இருந்தால் உன்னால் வெளியேற முடியாது என்று எச்சரிக்கிறது. அவள் போகவில்லை. அவளுடைய கால்களாக நாம் இருக்கிறோம்.

கால்கள் என்றது உவமைக்காக அன்று. இந்த விளையாட்டில் ஓட முடியாது. பொத்தானை அழுத்தினால் லாரா தன் போக்கில், மிக மெதுவாக, அடுத்த இடம் வரை நடப்பாள். காட்சிகள் முன்பே உருவாக்கிப் படமாகப் பதியப்பட்டவை. அக்காலக் கருவியால் அவ்வளவு துல்லியத்தை அந்தந்த நொடியில் வரைய முடியாது. ஆகவே ஒவ்வொரு திருப்பமும் ஒரு சிறு திரைப்படத் துண்டு; துண்டு முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டும். நீண்ட மேசை கிடக்கும் உணவுக்கூடம், முள்கள் பதித்த சுவர், படிக்கட்டுகள், இழுப்பறைகள். ஒரு கதவைத் திறக்க எத்தனை விநாடி ஆகுமோ அத்தனையும் ஆகும். இளையவன் முதல் இரவில் பொறுமையிழந்து, இதைச் செய்தவனுக்கு வேகம் என்றால் என்னவென்று தெரியாதா என்றான். மூத்தவளுக்கு அது பிடித்திருந்தது. மெதுவாக நடக்கிற காலும் விரைவாக ஓடுகிற கடிகாரமும் ஒன்றையொன்று இழுக்க, திகில் நடுவில் நிற்கிறது. பேயைக் காட்டிப் பயமுறுத்தும் வேலையை ஈனோ மிகக் குறைவாகவே செய்கிறார். கவசமணிந்த வீரன் ஒருவன் வாளோடு எதிர்ப்படுவான். அங்கே மட்டும் திரையில் காட்டுகிற பொத்தானை உடனுக்குடன் அழுத்த வேண்டும். மற்றபடி கோட்டை காலியாகவே இருக்கிறது. காலியான வீட்டில் நேரம் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

லாராவிடம் ஒரு கைக்கண்ணாடி உண்டு; முகப்பூச்சு டப்பாவில் வைத்திருப்பார்களே, அந்த வகை. வழி தெரியாதபோது அதைத் திறந்து பார்த்தால் குறிப்புக் கிடைக்கும். மூன்று முறைதான், பிறகு கண்ணாடி விரிசல் விட்டுப் பயனற்றுப் போகும். ஒரு கடிகாரமும் உண்டு. எடுத்துப் பார்த்தால் எவ்வளவு கழிந்தது என்று தெரியும். முதல் இரவில் நாங்கள் கண்ணாடியை அரை மணி நேரத்துக்குள் உடைத்துவிட்டோம். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் இரவில் கண்ணாடியைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே நேரத்தை வீணாக்கினோம்.

மூன்றாம் இரவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

2015 ஜனவரி, பொங்கல் கழிந்து நான்கைந்து நாள். இளையவன் விடுமுறையில் வந்திருந்தான். அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மாலை ஆறு மணிக்குப் போய்விடுவார். இரவு எங்கள் பொறுப்பு. அப்பாவுக்கு வலப்பக்கம் செயலற்றுப் பத்து மாதமாகியிருந்தது. பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. இரவில் மூன்று நான்கு முறை அழைப்பார். பெரும்பாலும் ஒரே கேள்வி: மணி என்ன. போய்ச் சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு வருவோம். அரை மணியில் மறுபடி அழைப்பார். அதில் எரிச்சல் இல்லாமல் இருந்தோம் என்று சொன்னால் அது பொய்.

அன்று ஆட்டத்தைத் தொடங்கியது நள்ளிரவு தாண்டி. கன்ட்ரோலரை ஒருவர் பிடிக்க, ஹெட்போனை அவரே அணிந்திருக்க, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் படிக்கட்டுகளையும் கதவுகளையும் வரைந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் மாறி மாறிச் செய்தோம். கோட்டையில் சுழலும் அறை ஒன்று உண்டு. வெளியே உள்ள சக்கரத்தைத் திருப்பினால் அறை சுற்றி, வெவ்வேறு வாசல்களுக்கு நேராக வந்து நிற்கும். எத்தனை திருப்புக்கு எந்த வாசல் என்பதுதான் புதிர். அந்த அறையில் சிக்கிக்கொண்டோம். அப்போது கடிகாரத்தில் இருபது நிமிடம் போல மீதியிருந்தது. அதுவரை அவ்வளவு தூரம் போனதே இல்லை.

அப்பா அழைத்தார். ஒருமுறை, சற்று இடைவிட்டு இன்னொரு முறை. ஹெட்போன் அணிந்தவருக்குக் கேட்கவில்லை. மற்றவருக்குக் கேட்டது.

கேட்டவர், "இதோ வரோம்ப்பா" என்றார். உள்ளறைவரை எட்டாத குரலில் சொன்னார். பிறகு பக்கத்திலிருந்தவரின் தோளைத் தொட்டு, அப்பா கூப்பிடுகிறார் என்று கை காட்டினார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி, மணி கேட்பார், இதை நிறுத்த முடியாதே என்றார் அணிந்திருந்தவர். இருவரும் மறுபடி திரைக்குத் திரும்பினோம். அந்தக் கன்ட்ரோலரில் நிறுத்திவைக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. இந்த விளையாட்டில் மட்டும் அது காலத்தை நிறுத்தாது. ஆனால் டிவியை விட்டு எழுந்துபோக எந்தப் பொத்தானும் வேண்டியதில்லை என்பது இருவருக்கும் தெரியும். கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு ஒருவர் ஆட, ஒருவர் போயிருக்கலாம் என்பதும் தெரியும். வாசல் கிடைத்துவிடும் போலிருந்தது. கிடைக்கவில்லை. நேரம் முடிந்தது. அப்புறம்தான் எழுந்தோம். ஆட்டம் முடிந்ததால் எழுந்தோமே தவிர, நினைவு வந்து எழவில்லை.

அப்பா கட்டிலின் மேல் இல்லை. தரையில், கட்டில் காலில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார். கழிப்பறைக்குத் தாமே போக முயன்று சறுக்கி இறங்கியிருக்கிறார். வேட்டி நனைந்திருந்தது. இடது முழங்கையில் சிராய்ப்பு, வேறு அடியில்லை. எங்களைப் பார்த்ததும் ஏதாவது கடிந்து சொல்வார் என்று எதிர்பார்த்தோம். "என்னம்மா, தூங்கலையா ரெண்டு பேரும்?" என்றார்.

"தூங்கிட்டோம்ப்பா, கேக்கலை" என்று சொன்னோம். ஒருவர் சொன்னார், மற்றவர் தலையசைத்தார். தூக்கி உட்கார வைத்து, துடைத்து, வேட்டி மாற்றி, முழங்கைக்கு மருந்து போட்டோம். கூடத்தில் டிரான்ஸ்பார்மர் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு அது கேட்டிருக்காதா என்ன. அந்த ஆண்டு ஆகஸ்டில் அப்பா போனார், நுரையீரலில் வந்த தொற்றால். அந்த இரவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொல்லத் தேவையில்லாமலே தெரியும். ஆனால் அந்தப் பொய்யைத் திருத்திக்கொள்ள ஏழு மாதம் இருந்தது. திருத்தவில்லை. அன்று ஹெட்போன் யார் காதில் இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பன்மைக்கு இரண்டாவது காரணம் என்று சொன்னது இதுதான்.

ஈனோவைப் பற்றி நாங்கள் தேடிப் படித்ததெல்லாம் அதற்குப் பிறகு. அந்த மனிதரும் ஒன்றை மறைத்திருக்கிறார் என்று அறிந்தபோது ஏனோ நெருக்கமாகிவிட்டார். 'டி'யின் கதையில் நரமாமிசம் வருகிறது. தணிக்கையில் அது தேறாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அந்தக் காட்சிகளைத் தம் நிறுவனத்தில் பலருக்கும் தெரியாமல் தனியே செய்துவைத்துக்கொண்டார். ஒப்புதலுக்கு அவை இல்லாத பிரதியைக் கொடுத்தார். மூலத்தட்டை வேண்டுமென்றே தாமதப்படுத்தினார். தாமதத்துக்குத் தண்டனையாக, அமெரிக்காவுக்குத் தாமே நேரில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அவர் காத்திருந்ததே அதற்குத்தான். விமானத்தில் போகிற வழியில் தட்டை மாற்றிவிட்டார். இதைப் பல ஆண்டு கழித்து ஒரு பேட்டியில் அவரே சொன்னார். அறத்தின்படி சரியா என்று கேட்டால், மூத்தவள் இல்லை என்பாள், இளையவன் சிரிப்பான்.

அவர் அவ்வளவு பாடுபட்டு உள்ளே கடத்திய காட்சி என்ன? இங்கே கதையின் முடிவைச் சொல்லியாக வேண்டும். முப்பதாண்டு பழைய விளையாட்டு. இனி ஆடப்போகிறவர்கள் பொறுத்துக்கொள்க. கோட்டையில் ஆங்காங்கே வண்டுகள் மறைந்திருக்கின்றன. அவற்றைக் கண்டால் லாராவுக்கு ஒரு பழைய நினைவு, துண்டு துண்டாகத் திரும்பும். அவள் அம்மா இறந்த நினைவு. கொன்றது லாராதான், சிறுமியாக இருந்தபோது, அம்மாவைக் கொன்று, அந்த உடலை உண்டவள் அவள். ரிக்டரின் குருதிவழி டிராகுலாவிலிருந்து வருவது. அந்தப் பசி மகளுக்கும் இறங்கியிருக்கிறது. தலைப்பின் ஓரெழுத்துக்குப் பொருள் அதுவே. அப்பா செய்ததெல்லாம், அந்த நினைவை அவளிடமிருந்து மூடி வைத்தது. கோட்டைக்குள் வராதே, திரும்பிப் போ என்று அந்த முகம் கெஞ்சியதன் காரணமும் அதுவே.

டிராகுலா என்ற இடத்தில் மூத்தவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவ்வளவு நேரம் மௌனமாகக் கட்டிய ஒன்றை, நாடகக் கொட்டகையின் திரைச்சீலையைப் போட்டு மூடிவிட்டாரே என்று தோன்றியது. அந்தப் பெயர் வராமலே இருந்திருந்தால் கதை இன்னும் ஆழமாக நின்றிருக்கும் என்பது எங்கள் இருவருக்குமான கட்சி. ஆனால் வண்டுகளின் ஏற்பாடு அபாரம். அவற்றைத் தேடாமலே ஆட்டத்தை முடித்துவிடலாம். அப்போது லாரா தான் யார் என்பதை முழுதாகக் காணாமலே வெளியேறுவாள். அறிந்துகொள்வது கட்டாயமில்லை, அறிய விரும்புகிறவர் ஓடுகிற கடிகாரத்திலிருந்து நேரத்தைச் செலவிட்டு, இருட்டில் குனிந்து தேட வேண்டும்.

'டி'க்குப் பிறகும் ஈனோ சும்மா இருக்கவில்லை. அது பிளேஸ்டேஷனுக்கும் சாட்டர்னுக்கும் போய், ஜப்பானில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். சோனி போதிய பிரதிகள் தயாரிக்கவில்லை என்று அவருக்குக் கோபம். 1996இல் சோனியின் நிகழ்ச்சி மேடையிலேயே, திரையில் பிளேஸ்டேஷன் சின்னம் உருகிச் சாட்டர்ன் சின்னமாக மாறும்படி செய்து, தம் அடுத்த விளையாட்டு போட்டி நிறுவனத்துக்கே என்று அறிவித்தார். அந்த 'எனிமி ஜீரோ'வில் எதிரி கண்ணுக்குத் தெரியாது. ஒலியைக் கொண்டுதான் தொலைவை அறிய வேண்டும். இசை, 'தி பியானோ' படத்துக்கு இசையமைத்த மைக்கேல் நைமன். அதிலும் நாயகி லாராதான். ஒரு நடிகையைப் போல வேறு வேறு கதைகளில் அவளை நடிக்கவைத்தார். 1999இல் டிரீம்காஸ்டுக்காக வந்த 'டி2'விலும் அவளே.

இவற்றுக்கு நடுவில் 1997இல் செய்ததுதான் எங்களுக்கு மிகப் பிடித்தது. 'ரியல் சவுண்ட்: கஸே நோ ரிகிரெட்'. அதில் படமே கிடையாது, திரை இருண்டிருக்கும். முழுக்க ஒலியால் நடக்கும் காதல் கதை. பார்வையற்ற ரசிகர்கள் தம் விளையாட்டுகளை ஆட முயல்வதை அறிந்து, அவர்களைச் சந்தித்துப் பேசிய பின் எழுந்த யோசனை என்று சொன்னார். சாட்டர்னுக்கு மட்டும் தருகிறேன், ஈடாகப் பார்வையற்றவர்களுக்கு ஆயிரம் கருவி கொடுங்கள், நான் ஆயிரம் பிரதி தருகிறேன் என்று சேகாவிடம் பேரம் பேசினார். பெட்டிக்குள் பிரெயில் எழுத்தில் கையேடு இருந்தது. காதில் விழுகிற ஒன்றை மட்டும் நம்பி ஆட வேண்டிய விளையாட்டு! அந்தத் தகவலைப் படித்த அன்று நாங்கள் இருவரும் தொலைபேசியில் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். ஈனோ 2013 பிப்ரவரியில், நாற்பத்திரண்டு வயதில், இரத்த அழுத்தத்தால் இதயம் செயலிழந்து இறந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவருடைய கோட்டை ஓடிய அந்த இரவில் அவர் இல்லாமல் இரண்டாண்டு ஆகப்போகிறது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

'டி' இப்போது எளிதாகக் கிடைக்கிறது. 2016இல் கணினிக்கான பதிப்பு இணையத்தில் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் அதே ஆண்டு, அப்பாவின் முதல் திதிக்கு இளையவன் வந்தபோது, பரணிலிருந்து பழைய பெட்டியைத்தான் இறக்கினோம். உறவினர்கள் போய், பாத்திரங்கள் கழுவி அடுக்கியாகி, வீட்டில் இருவர் மட்டும் இருந்த இரவு. பழைய நோட்டு கிடைத்தது. சுழலும் அறையின் படத்தில் ஒரு கோடு பாதியில் நின்றிருந்தது. இந்த முறை ஹெட்போன் செருகவில்லை. டிவியின் ஒலியையே வைத்துக்கொண்டோம். எழுப்பிவிடுவோமே என்று அஞ்ச யாரும் இல்லை.

வண்டுகளைத் தேடினோம். இருபது நிமிடம் அதற்கே போனது. சுழலும் அறையில் நாங்கள் சிக்கிய இடம் அபத்தமாக எளிதாக இருந்தது. அன்று ஒரு திருப்பு குறைவாக எண்ணியிருக்கிறோம். உச்சியில் ரிக்டர் இருக்கிறார். மகள் செய்ததைச் சொல்கிறார். அதை இத்தனை காலம் மறைத்ததையும் சொல்கிறார். அவர் தம்மை இழந்துகொண்டிருக்கிறார். லாராவிடம் துப்பாக்கி இருக்கிறது. சுட்டால் அவர் மனிதனாகவே இறப்பார். சுடாமல் தயங்கினால் அவரது பசி அவளையும் எடுத்துக்கொள்ளும். விளையாட்டில் கிடைக்கிற நல்ல முடிவு முதலாவதுதான் என்று எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன.

கன்ட்ரோலர் அப்போது மூத்தவள் கையில் இருந்தது. நீ செய் என்று இளையவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. இதற்கிடையே அந்தக் கிழவர் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் யார் விரல் அழுத்தியது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒற்றுமையில்லை. இருவருமே தாம்தான் என்கிறோம். சுட்டது நடந்தது. அவர் மகளுக்கு நன்றி சொல்லி இறந்தார். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் இளையவன் டிவியை அணைத்தான். மணி பார்த்தான், ஒன்று ஐம்பது. டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் உள்ளறைவரை கேட்கிறதா என்று போய்ப் பார்க்கலாம் என்றான். ஒருவர் கூடத்தில் நிற்க, ஒருவர் அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தோம். நன்றாகவே கேட்டது.